நான் அழித்த ஒரு படம்

தம்பி,

நீ கேட்டது ஒரு வரி. ஒன்பது நாளாக அதற்குப் பதில் எழுதாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். "அம்மா, அந்த 85 லென்ஸு வேற கம்பெனிதுல புது மாடல் வந்திருக்கு. ஆட்டோஃபோகஸ நம்பலாமா? நீ சரின்னு சொன்னா வாங்கறேன்" என்று அனுப்பியிருந்தாய். அதோடு விட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அடுத்த நிமிஷமே இன்னொன்று வந்தது. "என் கை சரியில்லன்னுதான் தெரியுமே. லென்ஸாவது சரியா இருக்கணும்ல." அந்த இரண்டாவது வரியைப் படித்த நாளிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும்போல இருக்கிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. இன்று வார விடுமுறை. உன் அப்பா ஷிஃப்டுக்குப் போய்விட்டார். இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். மூடித்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் எழுத வேண்டியதை ஏன் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஒரு கல்யாண மண்டபத்தில் நாலு பேர் காதில் விழும்படி உன்னைப் பற்றி ஒன்று சொன்னேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதையும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் கொஞ்சம் சொல்லிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள். பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசித் தேர்வு எழுதிய கையோடு எனக்குக் கல்யாணம், மறுவருஷம் நீ. உன் சிநேகிதர்கள் என்னை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிற வயசுதான் இப்போதும். பதினாறு வருஷமாக ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தர ஆய்வில் இருக்கிறேன். அளவு சரியா, தப்பா, அனுப்பலாமா, கூடாதா. நாள் முழுக்க இதுதான் என் வேலை. வீட்டிலும் நான் அதையேதான் செய்கிறேன் என்று நீ கேலி செய்வாய்.

நீ படம் எடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொள்கிறேன் என்றபோது உன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கேமராவை நீ செகண்ட் ஹேண்டில் வாங்கினாய், அதுவரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. லென்ஸ் என்று வந்ததும் ஆரம்பித்தார். அந்தக் கேமரா கம்பெனியின் சொந்த 85 மி.மீ. லென்ஸ், முகம் எடுக்கிற லென்ஸ், நம் கைக்கு எட்டவில்லை, நீ வேறு கம்பெனி லென்ஸைக் காட்டினாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார். "ஏல, இருபது வருசமா மிஷின் ரிப்பேர் பாக்கேன். மாத்து ஸ்பேர் போட்டு ஒழுங்கா ஓடுன மிஷின் ஒண்ணு காட்டு பாப்பம்." நீ என்னைப் பார்த்தாய். நான் விடவில்லை. "நாங்க செய்யற பீஸுல எவன் பேரு போட்டுப் போவுது? எங்க பேரா? வேற எவனோ பேரு. அது ஓடலையா ரோட்டுல? மாத்துக் கம்பெனி மட்டம்னா நாம திங்கற சோறும் மட்டம்தான்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "சரி தாயி, நீயே செக் பண்ணி பாஸ் போட்டுக்க. நாளைக்கு ஏதாவது ஆச்சின்னா ஆளாளுக்கு என் மூஞ்சியப் பாக்கப்பிடாது." அன்று நான் சொன்னது இன்றைக்கும் சரிதான் என்றே நினைக்கிறேன். நான் தப்பு செய்தது அதற்கப்புறம்.

லென்ஸ் வந்தது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப ஒரு கெடு இருந்தது. அந்தக் கெடுவின் கடைசி நாள்வரை நான் தொடவில்லை. மாதக் கடைசி, கம்பெனியில் வேலை நெருக்கம். அன்று சாயங்காலம் நீ பால் வாங்கப் போயிருந்தாய். படுக்கையறைச் சுவரில் செய்தித்தாள் ஒன்றை ஒட்டி, விளக்கு எல்லாவற்றையும் போட்டு, கேமராவை ஸ்டூல்மேல் வைத்து எடுத்துப் பார்த்தேன். எழுத்து எழுத்தாக வந்தது. பத்து தடவை எடுத்தேன், பத்தும் சுத்தம். அப்புறம் ஒரு யோசனை வந்து, பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கேனைப் பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டு உடனே சுவருக்குத் திருப்பினேன். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியது, சின்னதாக ஒரு முனகல், நின்றது. திரையில் பச்சைக் கட்டம் எரிந்தது. அப்படியென்றால் ஃபோகஸ் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். படத்தைப் பார்த்தால் சுவர் மொத்தமும் பால் கொட்டின மாதிரி கலங்கிக் கிடந்தது.

மறுபடி செய்தேன், சரியாக வந்தது. இன்னும் ஒரு தடவை, அதுவும் சரி. இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பீஸ் ஒரு தடவை தப்பு காட்டி, மறுபடி அளந்தால் சரி காட்டுகிறது என்றால் அது சரியான பீஸ் ஆகிவிடாது. மஞ்சள் சீட்டு ஒட்டித் தனியாக வை, ஏன் என்று தெரிகிறவரை அனுப்பாதே. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சில பேர் சரியென்று காட்டுகிறவரை அளந்துகொண்டே இருப்பார்கள், கடைசியாக வந்ததை மட்டும் எழுதுவார்கள். அவர்களை நான் திட்டியிருக்கிறேன், ஒரு பெண் அழுதேவிட்டாள். அன்று படுக்கையறையில் நின்று நானும் அதையேதான் செய்தேன். திருப்பி அனுப்பினால் உன் அப்பா "நான் அப்பவே சொன்னேம்லா" என்று ஒரு மாசம் ஓட்டுவார். புது லென்ஸ் வந்து சேர்வதற்குள் நீ எடுக்க ஒப்புக்கொண்டிருந்த கல்யாணம் வந்துவிடும். என் கைதான் ஸ்டூலை ஆட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு, கலங்கின அந்த ஒரு படத்தை மட்டும் அழித்தேன். நீ பால் பாக்கெட்டோடு வந்து "என்னம்மா, எப்படி?" என்றாய். "பன்னெண்டுக்குப் பன்னெண்டு" என்றேன். பதின்மூன்று எடுத்திருந்தேன்.

அந்தக் கல்யாணம் ரத்னம்மா அக்கா மகளுடையது. அக்கா என்னோடு அதே பிரிவில் வேலை செய்கிறவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்கள் கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். நேரம் வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. சீரகமும் வெல்லமும் அரைத்து வெற்றிலையில் வைத்து, திரைக்கு மேலாகக் கையை நீட்டி ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள். மேளம் உச்சத்துக்குப் போகும், துணி இறங்கும், இரண்டு பேரும் முதல் தடவையாக நிமிர்ந்து பார்ப்பார்கள். அக்கா உன்னிடம் கேட்டது அந்த ஒரே படத்தைத்தான். "தம்பி, சாப்பாட்டு பந்தி எடுக்காட்டி போவட்டும். தெர எறங்கறப்ப எம்பொண்ணு மொகம் மட்டும் எனக்கு வேணும் சாமி." நீ மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் போய் நின்றாய். நான் மேடைக்குக் கீழே நின்று உன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து நின்றாய்.

துணி இறங்கியது. மேளச் சத்தத்தில் லென்ஸின் அந்த முனகல் யாருக்கும் கேட்டிருக்காது. உன் தோள் ஒரு தடவை குலுங்கியதை மட்டும் நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பெண்ணின் தாய்மாமா வந்தார், ஊரில் இருக்கிற யாருக்கோ அனுப்ப ஒரு படம் காட்டச் சொன்னார். கேமராவின் பின்பக்கத்தில் நீ தள்ளித் தள்ளிக் காட்டினாய். முதல் நாலு படத்திலும் இறங்குகிற துணி கண்ணாடி மாதிரி தெளிவு, அதில் மஞ்சளால் போட்டிருந்த கோலம் தெளிவு. அதற்கு மேலே பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிறின வட்டம். ஐந்தாவது படத்தில் ஃபோகஸ் பின்சுவர் அலங்காரத்துக்கு ஓடியிருந்தது. ஆறாவதில் முகத்துக்கு வந்துவிட்டது, அவள் அதற்குள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருந்தாள். மாமா சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்துச் சொன்னார். "அடேங்கப்பா, தம்பி துணிக்கில்ல கல்யாணம் பண்ணி வெச்சிருக்கான்!" எல்லாரும் சிரித்தார்கள். ரத்னம்மா அக்கா சிரிக்கவில்லை. "ஏம் பாப்பா, நீ செக் பண்ண லென்ஸுன்னு சொன்னியே?" என்று என்னைக் கேட்டார்.

அப்போது நான் சொன்னது உனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கும். "லென்ஸு நல்ல லென்ஸுதான்க்கா, பன்னெண்டு தடவ பாத்தேன். இவனுக்குத்தான் பதட்டத்துல கை நடுங்கிடுச்சி."  என்னைப் பார்த்துவிட்டு உன் வலது கையைப் பார்த்தாய்.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் நன்றாகப் படி. கை நடுங்கினால் படம் முழுக்கக் கலங்கும். துணி மட்டும் தப்பித்து முகம் மட்டும் கலங்காது. அந்த நாலு படத்திலும் துணியின் நூலை எண்ணிவிடலாம்போல இருந்தது. ஐந்நூறில் ஒரு பங்கு நொடியில் எடுத்த படம், அந்த வேகத்தில் சாதாரண நடுக்கம் தெரியவும் தெரியாது. இயற்பியல் படித்தவள், பதினாறு வருஷமாக அளந்து சோறு தின்கிறவள், எனக்கு இது அந்த மண்டபத்திலேயே தெரியும். மாமா சொன்னதற்கு எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் சொன்னேன். உன் கையில் ஒரு கோளாறும் இல்லை. அன்றும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நீ பட்டது. வருவதாக இருந்த இரண்டு வேலை வரவில்லை. கேமராவைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தாய். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று நீயாகவே போய்ச் சேர்ந்தாய். நான் "நல்லதாப் போச்சு, நிலையான வேலை" என்றேன். உன் அப்பாகூட ஒரு நாள், "அவன் படம் புடிக்கத விட்டது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு தாயி" என்றார். லீவில் வீட்டுக்கு வந்தபோது டம்ளரில் டீயை விளிம்புவரை ஊற்றி, சிந்துகிறதா என்று பார்த்தபடி அடுக்களையிலிருந்து கூடத்துக்கு நடந்தாய். நான் பார்த்துவிட்டேன் என்று உனக்குத் தெரியாது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "சக்கர போதுமா?" என்று கேட்டேன்.

உன் கேள்வி வந்த மூன்றாம் நாள் கேன்டீனில் ரத்னம்மா அக்காவிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வதைவிட அவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது, அதுவும் என் குணம்தான். அழித்த படத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "போட்டோ போனது போவுது பாப்பா. எம்பொண்ணுக்குக் கொழந்தையே பொறந்தாச்சி, அவ மறந்துட்டா. ஆனா நான் எத்தினி பேருகிட்ட சொன்னேன் தெரியுமா? எங்க தெருவுல, எங்க சொந்தத்துல, 'அந்தப் பையனக் கூப்பிடாதீங்க, கை ஆடுது, குடிக்கிறானோ என்னமோ'ன்னு. அத்தன வாயையும் நான் எப்பிடிப் போயி மூடறது?" நான் மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். "எங்கிட்ட என்னாத்துக்கு? அவங்கிட்ட சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயம்தான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வேறு கம்பெனி லென்ஸை நம்பலாமா? கம்பெனி பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. யூடியூபில் நீ பார்த்தவரின் கையில் இருந்தது ஒரு பீஸ், உன் வீட்டுக்கு வரப்போவது இன்னொரு பீஸ். ஒரே அச்சில் வார்த்ததில்கூட ஒன்று தள்ளி இருக்கும், அதைப் பார்க்கத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எவ்வளவு தெளிவு என்று எல்லாரும் காட்டுவார்கள். ஃபோகஸ் தொலைந்துபோனால் எவ்வளவு சீக்கிரம் திரும்பக் கண்டுபிடிக்கிறது என்று நீதான் பார்க்க வேண்டும். கேமராவும் லென்ஸும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன, சொந்தக் கம்பெனி லென்ஸுக்கு அது தாய்மொழி. வெளிக் கம்பெனிகளில் சில அதை முறையாக வாங்கிக் கற்றிருக்கும், சில கேட்டுக் கேட்டுத் தானாகக் கற்றிருக்கும். கேமராவின் மென்பொருளை மாற்றினால் நேற்றுவரை பேசிய லென்ஸ் இன்று திக்கலாம். அதனால் லென்ஸின் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுச் சோதனையை ஆரம்பி. நீ எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிற கல்யாணம் முடிகிறவரை கேமராவில் எதையும் மாற்றாதே.

வந்த அன்றைக்கே சோதித்துவிடு, கடைசி நாளுக்கு வைக்காதே. கடைசி நாளில் சோதிக்கிறவன் சரியென்று சொல்லத்தான் வழி தேடுவான். சுவரில் பேப்பர் ஒட்டாதே, அது நான் செய்த முட்டாள்தனம், எந்தச் சுவரும் கல்யாணம் பண்ணிக்கொள்வதில்லை. உன்னோடு வேலை செய்கிற பையனின் அக்காவுக்கு நாகரசம்பட்டியில் நடக்கிற கல்யாணம்தானே நீ எடுக்கப்போவது. அவர்கள் வழக்கத்தில் திரை கிடையாது, அட்சதை உண்டு. தாலி ஏறுகிற நேரத்தில் நாற்பது கை குறுக்கே வரும், மஞ்சள் அரிசி மழையாகக் கொட்டும். முகத்துக்கு முன்னால் பறக்கிற அரிசியைத் துரத்திக்கொண்டு ஓடுகிற லென்ஸ் உனக்கு வேண்டாம். ரூமில் இருக்கிற சிநேகிதர்களை நிற்க வைத்து அரிசி போடச் சொல். ஒருத்தன் குறுக்கே கையை நீட்டி எடுக்கட்டும். ஒரு வேட்டியை முகத்துக்கு முன்னால் திரையாகப் பிடித்து இறக்கச் சொல், அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பரீட்சை. வெயில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது ஒரு முறை, டியூப்லைட்டில் ஒரு முறை, மண்டபம் மாதிரி அரை வெளிச்சத்தில் ஒரு முறை. பச்சைக் கட்டத்தை நம்பாதே, படத்தைத் திற. ஒன்று தவறினால் அதை எழுதி வை. காரணம் தெரியாமல் ஒன்று தவறினால் திருப்பி அனுப்பு. எதையும் அழிக்காதே. எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் தாலி நேரத்துக்குத் தூரத்தை முன்னாலேயே பார்த்து, ஆட்டோஃபோகஸை அணைத்து, லென்ஸில் ஒளி நுழைகிற துளையைக் கொஞ்சம் சுருக்கி, ஃபோகஸைக் கையால் வைத்துக்கொள்வதையும் பழகு. அதைச் செய்ய உறுதியான கை வேண்டும். உனக்கு இருக்கிறது.

"நீ சரின்னு சொன்னா வாங்கறேன்" என்று எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் நான் பதில் சொல்லப்போவதில்லை. பிளஸ் டூ பரீட்சைக்கு நீ போன அன்று உன் ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று வீட்டில் இரண்டு தடவை, பஸ் ஸ்டாப்பில் இரண்டு தடவை வாங்கி வாங்கிப் பார்த்தேனே, நாலாவது தடவை பார்த்துவிட்டு என் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு உன்னை பஸ் ஏற்றிவிட்டேனே, மறந்துவிட்டாயா? ஆட்டோ பிடித்துத் துரத்திக்கொண்டு வந்து வாசலில் கொடுத்தபோது, "செக் பண்ணாம விட்டிருந்தா எங்கிட்டயே இருந்திருக்கும்மா" என்றாய், சிரித்துக்கொண்டே. நான் பார்த்துச் சரி என்று சொன்னதெல்லாம் உன்னைக் காப்பாற்றும் என்று நான் நம்பியிருந்தேன். உன்னையும் நம்ப வைத்தேன். நான் பயந்தபோதெல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறேன், தம்பி. லென்ஸ் விஷயத்தில் நடந்ததும் அவ்வளவுதான்.

நீ கோபமாக இருந்தால் இரு. நான் போன் அடிப்பேன், விடாமல் அடிப்பேன், அது எனக்கு நிற்காது. எடுக்காதே. அடுத்த வாரம் எனக்குத் தொடர்ந்தாற்போல இரண்டு நாள் லீவு இருக்கிறது. வேட்டியின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் போதவில்லை என்றால் மட்டும் ஒரு வரி அனுப்பு, காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். நீ இறக்கு என்கிறபோது இறக்குகிறேன், தூக்கு என்கிறபோது தூக்குகிறேன், முப்பது தடவை என்றாலும் சரி, நூறு தடவை என்றாலும் சரி. எப்படி வந்தது என்று கேட்கமாட்டேன். துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு உன் முகமும் லென்ஸின் முன்பக்கமும்தான் தெரியும். பின்னால் திரையில் வந்திருப்பதை நீ பார்த்துக்கொள், லென்ஸை வைத்துக்கொள்வதா திருப்புவதா என்பதையும் நீயே சொல்.

அம்மா